பிடித்தப் பணம்: எவ்வளவு, எதுவரை?

நம் சங்க அன்பர்களில் பலர் தத்தம் குடியிருப்புச் சொசைட்டிகளில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருக்கிறார்கள். கட்டடத்தில் பழுது வேலை வந்தால் எனக்குப் போன் வரும். கான்ட்ராக்ட் பில் சரிபார்ப்பதிலேயே முப்பது வருடம் கழித்தவன் நான். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், கடைசியில் எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்ளலாம்?"

ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, வேலை முடிந்து சில காலம் கழித்துத் தருவதுதான் 'ரிடென்ஷன் மணி'. 1840களில் பிரிட்டனில் ரயில் பாதைகள் அவசர அவசரமாகப் போடப்பட்டபோது பரவிய வழக்கம் என்பார்கள். நம் மத்தியப் பொதுப்பணித் துறையின் 2020 ஒப்பந்த விதிகளில் ரன்னிங் பில்லிலிருந்து 2.5 சதவீதம் பிடிக்கச் சொல்லியிருக்கிறது. தொடக்கத்திலேயே வாங்கும் உத்தரவாதம் தனி. தனியார் வேலைகளில் 5 அல்லது 10 சதவீதம் என்று எழுதுவார்கள்.

மும்பையில் எங்கள் கட்டடத்துக் கணக்கையே சொல்கிறேன். 2018இல் மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங்கும் வெளிப்பூச்சும் 24 லட்சத்துக்குப் பேசினோம். ஆறு ஆறு லட்சமாக நான்கு பில். ஒவ்வொன்றிலும் 5 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் பிடித்தோம். மொத்தம் 1,20,000. மார்ச் கடைசியில் வேலை முடிந்ததும் பாதியைக் கொடுத்துவிட்டோம். மீதி 60,000 ஒரு வருடம் கழித்து. காரணம், மாடி ஒழுகுமா என்பதை எந்த இன்ஜினீயரும் ஏப்ரலில் சொல்ல முடியாது. ஜூலை மழைதான் சொல்ல வேண்டும்.

சொல்லவும் செய்தது. மழைநீர்க் குழாய் சேருமிடத்தில் கசிந்து மேல்மாடி வீட்டுச் சுவர் நனைந்தது. தாராவியில் இருந்த கான்ட்ராக்டர், திருநெல்வேலிக்காரர், இரண்டே நாளில் கொத்தனாரோடு வந்து உடைத்துச் சரி செய்து கொடுத்தார். பணம் நம்மிடம் இருந்ததால் வந்தாரா, நல்ல மனுஷர் என்பதால் வந்தாரா என்று கேட்டால், இரண்டும் என்பேன்.

இனி, நாம் செய்யும் தவறு. பிடித்த பணம் அபராதம் அல்ல; செய்த வேலைக்கு அவர் சம்பாதித்தது. பத்து சதவீத லாபம் வைத்து ரேட் கொடுத்தவருக்கு ஐந்தைப் பிடித்தால் லாபத்தில் பாதி நம் கையில். குறை இருந்து அவர் சரி செய்யாவிட்டால், அதைச் சரி செய்ய ஆகும் செலவைக் கழிக்கலாம். முழுவதையும் விழுங்க முடியாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு நியாயமான ஈட்டைத்தான் அனுமதிக்கிறது. கைலாஷ் நாத் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

எங்கள் 60,000 ரூபாய் 2019 மார்ச்சில் கொடுத்திருக்க வேண்டியது. அதற்குள் கமிட்டி மாறிவிட்டது. "இன்னொரு மழையையும் பார்த்துவிடலாமே" என்றார் புதிய பொருளாளர். மாதம் ஒருமுறை அவர் போன் செய்வார். நானும் "சொல்லிப் பார்க்கிறேன்" என்பேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஏப்ரலில் மறுபடி போன். "அண்ணாச்சி, பதினோரு பையன்க வேலையில்லாம உக்காந்திருக்கானுவ. அரிசி வாங்கணும். அந்தப் பணம் வந்தா நல்லாருக்கும்." செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில்தான் கொடுத்தோம். அதற்குள் பையன்கள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தேதியில் திருப்பித் தரப்படும், குறை இருந்தால் எத்தனை நாளில் எழுத்தில் தெரிவிக்கப்படும் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். பொதுக் கணக்கில் கிடந்தால் லிஃப்ட் ரிப்பேருக்குப் போய்விடும். எங்கள் அடுத்த வேலைக்கு, 15 நாள் தாண்டினால் வட்டி என்றும் ஒரு வரி சேர்த்தோம். அதற்கு ரேட் கேட்டு அவருக்கும் கடிதம் அனுப்பினேன். அவர் ரேட் கொடுக்கவில்லை.