வேலை முடிந்த மாலையில் ஜெபம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் மேலதிகாரி சொன்ன ஒரு சொல் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் முடித்து வந்த செவிலியருக்கு வார்டு கண்ணிலேயே நிற்கும். அந்த நிலையில் முழங்காலிட்டால் ஜெபமும் இன்னொரு வேலைப் பட்டியலாகிவிடுகிறது: இதைத் தாரும், அதை மாற்றும், நாளைய மீட்டிங்கைப் பார்த்துக்கொள்ளும். மாலை ஜெபத்தின் நோக்கம் வேறு. அன்றைய நாளை, முடிந்ததும் முடியாததுமாக, ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போவதுதான் அது. இதற்குத் திருச்சபை நெடுங்காலமாகக் காத்துவரும் முறைகளிலிருந்து கால் மணி நேரத்துக்குள் அடங்குவதை இங்கே தருகிறேன்.

நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

ஆதியாகமம் முதல் அதிகாரம் ஒவ்வொரு நாளையும் சொல்லும்போது சாயங்காலத்தை முன்னும் காலையைப் பின்னும் வைக்கிறது. யூதர்களின் ஓய்வுநாள் இன்றும் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே தொடங்குகிறது. அந்தக் கணக்கில் ஒரு நாளின் முதல் பகுதி தூக்கம். நாம் உறங்கும்போதே கடவுள் தம் வேலையைத் தொடங்கிவிடுகிறார். காலையில் நாம் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். உழைத்துக் களைத்தவருக்கு இதைவிட ஆறுதலான செய்தியை நான் அறியேன்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஜெபிக்க உட்காராதீர்கள். குளித்து, சாப்பிட்டு, உடல் கொஞ்சம் தணியட்டும். படுக்கையில் வேண்டாம், நாற்காலியோ பாயோ போதும். போனை வேறு அறையில் வையுங்கள்.

மூச்சை இறக்குங்கள்

இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். மூச்சை இழுக்கும்போது “இயேசுவே”, விடும்போது “இரங்கும்”. கீழைத் திருச்சபைகளின் துறவிகள் இதுபோன்ற சின்ன மன்றாட்டைத்தான் நாள் முழுதும் சொல்லிவந்தார்கள். மனம் அலையும். அலைந்தால் அந்தப் பெயருக்கே திரும்பி வாருங்கள்.

ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள்

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், இரவு ஜெபத்துக்கென 4, 91, 134 ஆகிய மூன்று சங்கீதங்களைக் குறித்தார். தினமும் அதே மூன்று. மனப்பாடமானதால் விளக்கு இல்லாமலே சொல்ல முடிந்தது.

நமக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும். யாராவது மனதைப் புண்படுத்திய நாளில் 4; கோபத்தை அறிந்த சங்கீதம் அது, ஆனால் நிம்மதியான தூக்கத்தில் போய் முடிகிறது. பயமோ கவலையோ இருந்தால் 91. கண் சொக்கும் நாளில் 134, மூன்றே வசனங்கள்தான். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் நூலில் இதே எண்களைப் பார்க்கலாம்.

நாளைத் திரும்பிப் பாருங்கள்

இந்த ஜெபத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இக்னேஷியஸ் வகுத்த ஆன்ம சோதனையே இதற்கு அடிப்படை. அது இடம்பெறும் அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. அவர் வைத்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் நன்றி, பிறகு வெளிச்சம் கேட்பது, அதன் பிறகே நாளைப் பார்ப்பது, அடுத்து மன்னிப்பு, கடைசியில் நாளைக்கான தீர்மானம்.

நன்றியைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். பஸ்ஸில் இடம் கொடுத்தவர், மதியம் தன் டிபன் பாக்ஸை உங்கள் பக்கம் நகர்த்திய தோழி என்று ஆட்களாகச் சொல்லுங்கள். பிறகு காலையிலிருந்து மணி மணியாக நடந்து வாருங்கள். எங்கே மனம் விரிந்தது? எங்கே சுருங்கியது? சுருங்கிய இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆண்டவர் பக்கத்தில் நின்று அதையே பார்க்கிறார். ஆபீஸில் நடக்கும் அப்ரைசல் போல உங்களுக்கு நீங்களே மார்க் போட வேண்டாம். எதைச் செய்தோம் என்பதோடு எங்கே அன்பு கிடைத்தது, எங்கே அன்பைத் தட்டிக்கழித்தோம் என்றும் கேளுங்கள்.

கோபத்தை இறக்கி வையுங்கள்

சூரியன் மறையும்வரை கோபத்தை வைத்திருக்கக் கூடாது என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரம் சொல்கிறது. புண்படுத்தியவரின் பெயரை ஆண்டவரிடம் சொல்லுங்கள். மன்னிக்க மனம் வராவிட்டால் அதையும் அப்படியே சொல்லுங்கள், அதுவும் ஜெபம்தான். ஆனால் வேலையிடத்தில் நடக்கும் அநியாயத்தைச் சகித்துக்கொண்டே இருப்பது மன்னிப்பு ஆகாது. புகார் கொடுக்க வேண்டியதைப் பகலில் கொடுங்கள்.

முடியாத வேலையை ஒப்படையுங்கள்

மீதமுள்ள வேலைகளை ஒரு தாளில் எழுதி, வேதாகமத்துக்குள் வைத்து மூடுங்கள். அடுத்து, லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் முதியவர் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திச் சொன்ன ஜெபத்தை வாசியுங்கள். மேற்கத்திய திருச்சபையின் இரவு ஜெபத்தில் அதற்கு நிலையான இடம் உண்டு. அதன் பிறகு பேச்சு வேண்டாம். இரவு ஜெபம் முடிந்தால் மௌனம் என்பதும் பெனடிக்ட் வைத்த ஒழுங்கே.

சில சந்தேகங்கள்

வீட்டில் குடும்ப ஜெபம் இருந்தால் பாட்டும் வாசிப்பும் அங்கேயே நடக்கட்டும். நாளைத் திரும்பிப் பார்ப்பதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெபத்தின் நடுவே தூங்கிவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமே வரவில்லை என்றால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வருகிறவர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இதே வரிசையில் ஜெபிக்கலாம். அவர்களுக்கு நான் சொல்லும் சங்கீதம் 121; உறங்காமல் காக்கிறவரைப் பற்றியது அது.