சக்கரத்துக்கு வெளியே நிற்பவர்



அஜந்தாவின் 17ஆம் குகையில், முன்மண்டபச் சுவரிலே ஒரு பெருஞ்சக்கரம் தீட்டப்பட்டுள்ளது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வோவியம் பெரிதும் சிதைந்துபோயிற்று. ஆயினும் அத்தகைய பவசக்கரத்தை லடாக், சிக்கிம் பகுதிகளின் விகாரை வாயில்களில் இன்றும் முழுமையாகக் காணலாம். இதனை வாயிலில் வரையவேண்டும், வருவோர்க்கு விளக்கிச் சொல்ல ஒரு பிக்குவை அமர்த்தவேண்டும் என்று திவ்யாவதானம் கூறுகிறது.

சக்கரத்தின் நடுவே பன்றி, பாம்பு, சேவல் ஆகிய மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று கவ்வி நிற்கின்றன. அவை முறையே மோகம், பகை, ஆசை என்பவற்றைக் குறிப்பன. சக்கரம் சுழல்வது இவற்றால்தான். நம்மைச் சிறைப்படுத்தும் காவலர் நம் உள்ளத்திலேயே இருக்கின்றனர் என்பது இதன் பொருள்.

வெளிவட்டத்தில் பன்னிரண்டு சார்புகளுக்கும் பன்னிரண்டு படங்கள் உள்ளன. ஏழாவது படத்தில் ஒருவன் கண்ணில் அம்பு தைத்திருக்கிறது. எட்டாவதில் ஒருவன் மது அருந்துகிறான். மணிமேகலை இவற்றை நுகர்வு, வேட்கை என்று பெயரிட்டு வழங்கும்.

யாம் ஆலையில் உழைத்த காலத்தில், மேஸ்திரி ஒருவர் பலர் முன்னிலையில் எம் சாதியைச் சொல்லி இழித்துரைத்தார். அச்சொல்லே அம்பு. அது எம்மைக் கேட்டு வரவில்லை. ஆனால், அவர் ஆலையை விட்டுப் போன பின்னரும், அச்சினத்தை நாள்தோறும் ஊற்றிப் பருகியவர் யாமே. ஒரு பாவமும் அறியாத மனைவி மக்கள்மீது சீறினோம். அம்பை எய்தவர் அவர். கிண்ணத்தை ஏந்தியவர் யாம்.

இதனால், இழிவைப் பொறுத்துக் கிடக்குமாறு தம்மம் போதிப்பதாக எவரும் எண்ணற்க. அநீதியை எதிர்த்தே தீரவேண்டும். 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மம் ஏற்றது இழிவை உதறுதற்கன்றோ? ஆயின், பகைக்கு அடிமையாகி எதிர்ப்பவன் வென்றாலும் சக்கரத்துக்குள்ளேயே கிடப்பான்.

அம்பு தைப்பதைத் தடுக்க எப்போதும் நம்மால் இயலாது. கிண்ணத்தை எடாதிருக்க இயலும். அவ்விரு படங்களுக்கும் இடையிலேதான் விடுதலையின் வாயில் உள்ளது. சுடுசொல் கேட்டவுடன், "இஃது அம்பு" என்று உணர்ந்து மூன்று மூச்சளவு அமைதி காப்போம். பின்னர்ச் சொல்லவேண்டியதை அஞ்சாமல் சொல்லுவோம்.

சக்கரத்துக்கு வெளியே பகவன் புத்தர் நின்று, கைநீட்டி வழிகாட்டுகிறார். எவரையும் அவர் தூக்கிச் செல்வதில்லை. நடக்கவேண்டியவர் நாமே.