கணினிப் பெட்டிக்குள் காற்றோட்டம்

நம்மில் பலர் இன்று வீட்டிலேயே படத்தொகுப்பும் முப்பரிமாண வரைகலையும் பயில்கிறோம். இவற்றிற்கு உதவும் கிராபிக்ஸ் கார்டு, தான் கொள்ளும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியிடுகிறது. சிப்பின் வெப்பநிலை 83 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பல கார்டுகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் தாம்பரத்தில் இது வெறும் ஏட்டுப்பாடம் அன்று.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. சூடான காற்றை வெளியேற்றிப் புதிய காற்றைக் கொணர்கிறது, அவ்வளவே. 300 வாட் வெப்பம் தோன்றும் பெட்டியில் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறாதிருக்க, நொடிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் காற்று பாய வேண்டும். பாய்வு பாதியானால் ஏற்றம் 20 டிகிரி. அறை 36 டிகிரி என்றால், பெட்டியை விட்டு வெளியேறும் காற்று 56 டிகிரி!

என் கணினியில் முன்புறம் கீழே இரண்டு 120 மி.மீ. விசிறிகள் காற்றை உள்ளே தள்ள, பின்புறம் மேலே ஒன்று வெளியேற்றுகிறது. எதிரெதிர்ச் சன்னல் வைத்த வீட்டின் முறைதான் இது. உள்வரவு சற்று மிகுந்திருந்தால், இடுக்குகளின் வழியே தூசி புகாது. ஜி.எஸ்.டி. சாலையின் தூசி முன்புற வலையை அடைத்துவிடுமாதலால், மாதம் ஒருமுறை துடைக்கிறேன். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பதில்லை. நீண்ட வேலைகளைக் கடற்காற்று வரும் மாலையில் தொடங்குகிறேன்.

விலையுயர்ந்த புதிய கார்டை நாடுமுன், இருக்கும் கார்டு மூச்சுவிட வழி செய்வோம்.