குஞ்சுக்குத் தாய்ச்சூடு: வீட்டில் சூட்டுக்கூடு அமைப்போம்



கொழுந்துச் சம்பளத்தோடு கையில் நாலு காசு சேர வேண்டுமென்று நம்மில் பலர் கோழி வளர்க்கத் தொடங்குகிறோம். ஒரு நாள் வயதுக் குஞ்சு இருபத்தைந்து வாங்கி வருகிறோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதிதான் மிஞ்சியிருக்கும். “ராசியில்லாத குஞ்சு” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ராசியில் ஒரு குறையும் இல்லை. முதல் மூன்று, நான்கு வாரத்தில் சாகும் குஞ்சுகளில் பல குளிரினாலும் ஈரத்தினாலுமே சாகின்றன. இந்த இரண்டையும் நம் கையாலேயே தடுக்கலாம். அதற்கான பாடம்தான் இது.

கல்முனைக் கரையில் என்ன செய்கிறார்கள்?

அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வீடுகள் நெருக்கம், வளவு சிறிது. நம் லயத்தைப் போலவே ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி அடுத்த வீடு. அந்தச் சிறிய இடத்திலும் வீட்டுப் பெண்கள் கோழிக்குஞ்சு வளர்க்கிறார்கள். அட்டையை வட்டமாக நிறுத்தி, உள்ளே உமி பரப்பி, மேலே ஒரு மின்குமிழைத் தொங்கவிடுகிறார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய சூட்டுக்கூடு. கடைக்காரர் புரூடர் என்று சொல்வதும் இதைத்தான்.

அவர்களுக்கு இரண்டு வசதி உண்டு. ஒன்று, சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் வயலும் நெல் ஆலையும் நிறைய இருப்பதால் உமி சுலபமாகக் கிடைக்கும். மற்றது வெயில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே பகலில் மின்குமிழே தேவைப்படாது. மாரி மழையில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

நம் மலை அப்படியில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை மாதத்தில் சில இரவுகளில் புல்லில் உறைபனி படிகிறது. ஆகவே கல்முனைக் கூட்டை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்தால் போதாது. அங்கே படிக்க வேண்டியதைப் படித்து, இங்கே கூட்ட வேண்டியதைக் கூட்ட வேண்டும்.

குஞ்சுக்கு ஏன் சூடு வேண்டும்?

தாய்க்கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 பாகை. பொரித்த குஞ்சின் உடம்பில் இருப்பது வெறும் பஞ்சு மயிர். இறகு முளைக்கும்வரை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு முடியாது. அடைக்கோழி இருந்தால் செட்டைக்குள் அணைத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய குஞ்சுக்குத் தாய் இல்லை. நாம்தான் தாய்.

தேவையான சூடு இதுதான்:

முதல் வாரம்: 35 பாகை
இரண்டாம் வாரம்: 32 பாகை
மூன்றாம் வாரம்: 29 பாகை
நான்காம் வாரம்: 26 பாகை

அதாவது வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டே வரவேண்டும். இந்தச் சூடு குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். மின்குமிழின் பக்கத்தில் அளந்து பயனில்லை.

25 குஞ்சுக்குக் கூடு அமைக்கும் முறை

1. இடம்: இஸ்தோப்பின் ஒரு மூலையோ, காற்று நேராக அடிக்காத சாய்ப்போ நல்லது. நாம் படுக்கிற காம்பராவிலும் குசினியிலும் வைக்கக் கூடாது. குஞ்சின் எச்சத்திலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரலாம்.

2. அடித்தளம்: சிமெந்துத் தரை குளிரை இழுக்கும். முதலில் பலகையோ, கழுவிக் காயவைத்த இரண்டு மூன்று சாக்கோ விரியுங்கள். அதன்மேல் காய்ந்த உமி 3 அங்குலம். கரையூரில் 2 அங்குலமே போதும். உமி கிடைக்காவிட்டால் தச்சுப்பட்டறையில் மரச்சீவல் கேட்டு வாங்கலாம். மெல்லிய மரத்தூள் வேண்டாம். குஞ்சு அதைத் தீன் என்று கொத்தித் தின்னும்.

3. சுற்றுவேலி: ஒன்றரை அடி உயரமான அட்டையைப் பன்னிரண்டரை அடி நீளத்துக்கு ஒட்டி வட்டமாக நிறுத்தினால், குறுக்களவு நான்கு அடி வரும். ஒரு குஞ்சுக்கு அரைச் சதுர அடி என்ற கணக்கு இது. சதுரப் பெட்டி வேண்டாம். குளிர்ந்தால் குஞ்சுகள் மூலைக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். வட்டத்துக்கு மூலை கிடையாது.

4. சூடு: ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுக் கணக்கு. கரையில் 60 வாட் மின்குமிழ் ஒன்று போதும். நமக்கு 60 வாட்டில் இரண்டு வேண்டும். இரண்டாக இருந்தால் நடுராத்திரியில் ஒன்று எரிந்துபோனாலும் மற்றது காப்பாற்றும். உமியிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். உள்ளே கம்பி இழை உள்ள பழைய வகை மின்குமிழே வேண்டும். இப்போது வீட்டில் பாவிக்கிற எல்.ஈ.டி., சி.எஃப்.எல். விளக்குகள் வெளிச்சம் தரும், சூடு தராது. அவற்றை நம்பினால் குஞ்சு விறைத்துப்போகும்.

5. மேல்மூடி: இரவில் வட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கைச் சாக்கால் மூடலாம். மீதியில் காற்று போக வேண்டும். சாக்கு மின்குமிழிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்க வேண்டும். எலி, பூனை வராமல் கம்பிவலை போடுங்கள்.

குஞ்சு வருவதற்கு ஆறு மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டு உமியைச் சூடாக்கி வையுங்கள்.

குஞ்சைப் பார்த்தாலே தெரியும்

சூடு அளக்கும் கருவி நம்மிடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சே கருவி. கல்முனை உம்மாமார் மகளிடம், “குஞ்செல்லாம் ஒண்டா ஒடுங்கிக் கிடக்கு, லைட்டக் கொஞ்சம் பணிய விடு புள்ள” என்று சொல்வதில் முழுப் பாடமும் இருக்கிறது.

விளக்கின் கீழே குவிந்து கத்தினால்: குளிர். விளக்கைத் தாழ்த்துங்கள்.
வேலியோரம் ஒதுங்கி, செட்டையை விரித்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால்: சூடு அதிகம். உயர்த்துங்கள்.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால்: எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. அந்தப் பக்கத்தை மறையுங்கள்.
பரவலாக நின்று தின்று, குடித்து, தூங்கினால்: சரியான சூடு.

படுக்கப் போகும்போது ஒரு தடவை, விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது ஒரு தடவை பார்த்தே ஆகவேண்டும். அதிகக் குளிர் விடியற்காலையில்தான்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் மாதக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மலையில் காற்று மழைக்கு மரம் விழுந்தாலும் கரண்ட் போகும். கைவசம் மாற்று வழி இருக்க வேண்டும்.

கண்ணாடிப் போத்தல் நான்கில் சுடுநீர் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றி, உமிக்குள் படுக்க வையுங்கள். குஞ்சுகள் அதை ஒட்டிப் படுக்கும். மேலே சாக்கைப் போட்டு, காற்றுக்கு இடைவெளி விடுங்கள். இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் நீரை மாற்றுங்கள். வீட்டில் அடைக்கோழி இருந்தால் பொழுதுபட்ட பிறகு, இருட்டில், சில குஞ்சுகளை அதன் அடியில் வைத்துப் பாருங்கள். பல கோழிகள் ஏற்றுக்கொள்ளும். கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள்.

உயிர் போகிற இரண்டு விசயம்

முதலாவது, கரிச்சட்டி. குளிருக்குப் பயந்து கரி நெருப்பை மூடிய காம்பராவுக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிற மனிதர் தூக்கத்திலேயே போய்விடுவார். குஞ்சுக்காகப் பிள்ளையை இழக்க முடியாது.

இரண்டாவது, தீ. மின்குமிழைக் கரண்ட் வயரில் மட்டும் தொங்கவிடக் கூடாது. இரும்புக் கம்பியால் கூரைச் சட்டத்தில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். அறுந்து உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு காம்பராவோடு நிற்காது. ஒட்டுப்போட்ட பழைய வயர் வேண்டாம். தெரிந்தவரைக் கொண்டு இணைப்பு எடுங்கள்.

தண்ணீரும் தீனும்

முதலில் தண்ணீர், பிறகு தீன். குஞ்சு வந்தவுடன் வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு நனையாது, மூழ்காது. முதல் வாரத்தில் 25 குஞ்சுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லீற்றர் நீரும் 250 கிராம் தீனும் செலவாகும்.

கடையில் குஞ்சுத் தீன் என்று கேட்டு வாங்குங்கள். நூற்றுக்கு 20 பங்கு புரதம் உள்ளது நல்லது. கரையூரில் மீன் கழிவு கிடைக்கிறது, நமக்குக் கருவாடுதான். ஆனால் உப்புக் கருவாட்டை அப்படியே இடித்துப் போட்டால் குஞ்சு உப்பு நஞ்சால் சாகும். வளர்ந்த கோழிக்குக் கொடுப்பதானாலும் நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டுக் கொடுங்கள்.

நோய் வருமுன்

ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சல் வளரும். மூன்றாம் வாரத்திலிருந்து கவனம். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள்.

ரானிக்கெட் நோய்க்கு வைத்தியம் இல்லை, தடுப்பு மருந்துதான். முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு விடுவார்கள். பிறகு கம்போரோ நோய்க்கும் மருந்து உண்டு. பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தில் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குப்பி மருந்து நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுக்குப் போதும். கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகவே ஒரு லயத்தில் நாலைந்து குடும்பங்கள் ஒரே நாளில் குஞ்சு வாங்கினால் மருந்தும் வீணாகாது, போக்குவரத்துச் செலவும் குறையும்.

செலவுக் கணக்கு

60 வாட் மின்குமிழ் ஒன்று 28 நாள் இரவு பகல் எரிந்தால் 40 அலகு மின்சாரம் ஆகும், இரண்டென்றால் 80. வெயில் வந்ததும் குஞ்சு பரவி நின்றால் ஒன்றை அணையுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து நல்ல வெயிலில் இரண்டையும் அணைத்துப் பார்க்கலாம். இதில் மட்டும் ஓரளவு செலவு மிச்சம் பிடிக்கலாம். ஆனால் இரவில் மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள்.

நான்கு வாரம் முடிந்து உடம்பு முழுக்க இறகு மூடிய பிறகே விளக்கை நிறுத்த வேண்டும். உயர்ந்த தோட்டங்களில் இன்னும் ஒரு வாரம் இரவில் மட்டும் வைப்பது நல்லது.

கூடிப் பேசுவதற்கு

1. நம் லயத்தில் காற்று படாத, படுக்கையறை அல்லாத இடம் எது?
2. பகலில் எல்லோரும் மலைக்குப் போனால் குஞ்சைப் பார்ப்பது யார்?
3. தடுப்பு மருந்துக்குச் சேர்ந்து போக எந்தெந்தக் குடும்பங்கள் தயார்?

இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு குஞ்சுக்குச் சொல்லி வையுங்கள். கூடு முதலில், குஞ்சு பிறகு.