மெதுவாக வளரும் பிள்ளைக்கு உணவூட்டுவது எப்படி?



"புள்ள வாயத் தொறக்க மாட்டேங்குது, தொறந்தாலும் துப்பிப்புடுது" என்று லயத்தில் சில தாய்மார் சொல்லக் கேட்கிறோம். கழுத்து நிற்க, நடக்க, பேசப் பிந்திய பிள்ளைகள் பலருக்கு இந்தக் கஷ்டம் உண்டு. இது பிடிவாதம் இல்லை, செய்வினையும் இல்லை. வாய், நாக்கு, தொண்டைத் தசைகள் சரியாக இணங்கி வேலை செய்யவில்லை. நாக்கு சோற்றை உள்ளே தள்ளாமல் வெளியே தள்ளுகிறது. அதைத்தான் துப்புவதாக நாம் நினைக்கிறோம்.

மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, சங்கால் ஊற்றுவதை முதலில் விட்டுவிட வேண்டும். அப்படி ஊற்றும் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அடிக்கடி சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்கு அலையும் பிள்ளைகளில் சிலருக்கு இதுவே காரணம். எல்லாவற்றையும் மலைக்குளிர் மேல் போட்டுவிடக் கூடாது.

பிள்ளையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். சுவர் மூலையில் இரண்டு பக்கமும் சாக்கைச் சுருட்டி அண்டக் கொடுத்தால் போதும், விசேட கதிரை வாங்கத் தேவையில்லை. தலை பின்னால் சாயாமல் நாடி சற்றுக் கீழே இருக்க வேண்டும். அண்ணாந்துகொண்டு தண்ணீர் விழுங்கப் பாருங்கள், பிள்ளையின் கஷ்டம் விளங்கும். நீங்களும் பிள்ளைக்கு எதிரே, அதன் கண் மட்டத்தில் உட்காருங்கள்.

தண்ணியான கஞ்சியை விட, கெட்டியாக, கட்டியில்லாமல் மசித்தது விழுங்க லேசு. பருப்பும் சோறும், பூசணி, கிழங்கு, வாழைப்பழம், கெட்டியாகக் கரைத்த திரிபோஷா நல்லவை. ரசத்தில் மிதக்கும் சோறு வேண்டாம்: தண்ணி முதலில் ஓடிவிடும், சோறு தொண்டையில் நிற்கும். கொஞ்சமாகச் சாப்பிடும் பிள்ளைக்கு ஒரு கரண்டி தேங்காயெண்ணெயோ மசித்த முட்டையோ சேர்த்தால், அந்தக் கொஞ்சத்திலேயே சத்துக் கூடும்.

சின்ன, தட்டையான கரண்டியில் பாதியளவு எடுத்து, நடுநாக்கில் வைத்து மெல்ல அழுத்தி எடுங்கள். மேற்பல்லில் வழித்துவிடாதீர்கள். முதல் வாய் உள்ளே போன பிறகுதான் அடுத்தது. அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தால் பிள்ளை களைத்துப்போகும். அதை விட, கொஞ்சங் கொஞ்சமாக நாளுக்கு ஐந்தாறு தடவை கொடுக்கலாம். சாப்பிட்ட கையோடு படுக்கவிடாமல் இருபது, முப்பது நிமிடம் உட்கார்த்தி வையுங்கள். வலிப்பு வரும்போதும் தூங்கி விழும்போதும் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது.

பிரட்டுக்குப் போகும் தாய் இதையெல்லாம் தெரிந்திருந்தும், பகலில் ஊட்டுவது அம்மாயியோ பிள்ளைக்காம்பரா ஆயாவோதான். தாய் ஒரு மாதிரி, ஆயா ஒரு மாதிரி ஊட்டினால் பிள்ளை குழம்பும். ஒரு நாள் அரை மணித்தியாலம் முன்னதாக வந்து, அவர்கள் பார்க்க ஊட்டிக் காட்டுங்கள். வாயால் சொல்வது போதாது.

சாப்பிடும்போது இருமல், புரையேறல், கண்ணில் தண்ணீர், சாப்பிட்டதும் குரல் கரகரத்தல், நிறை கூடாமை: இவற்றில் ஒன்று தொடர்ந்தாலும் வளர்ச்சி அட்டையுடன் குடும்ப நல மருத்துவ மாதிடம் காட்டுங்கள். பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பும்படியும் கேளுங்கள். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்கப் பழக்குவதும் அவர்கள் வேலைதான். உதடு, முகம் நீலம் பாய்ந்தால் கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.