எட்டு மணி நேரக் கணக்கு நான்கு நிமிடத்தில்

கணினி வருவதற்கு முந்தைய வங்கிக் கிளைகளைக் கண்டவர்களுக்குப் பித்தளை டோக்கன் நினைவிருக்கும். காசோலையைக் கொடுத்து டோக்கனைப் பெற்றுக்கொண்டு அமர்வோம். எழுத்தர் பேரேட்டில் பற்று எழுதுவார்; அதிகாரி கையொப்பத்தை ஒப்பிட்டு ஒப்புதல் தருவார்; காசாளர் எண்ணை அழைத்துப் பணம் வழங்குவார். ஒருவரது காசோலை காசாளரிடம் இருக்கும்போதே அடுத்தவருடையது அதிகாரியிடமும் மூன்றாமவருடையது எழுத்தரிடமும் இருக்கும். ஒரு காசோலைக்கு ஆகும் நேரம் இதனால் குறையவில்லை. ஆனால் ஒரு நாளில் கிளை முடிக்கும் காசோலைகள் பெருகின.

நிதித் தரவுகளை விரைந்து கணக்கிடப் பயன்படும் எஃப்.பி.ஜி.ஏ. என்னும் சில்லின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான். சாதாரணச் செயலி, எல்லா வேலையையும் தானே பார்க்கும் கெட்டிக்கார எழுத்தரைப் போன்றது. நினைவகத்திலிருந்து ஆணைகளை எடுத்துப் படித்து நிறைவேற்றும். எஃப்.பி.ஜி.ஏ.வில் ஆணைகளைப் படிக்கும் வேலையே இல்லை. கூட்டலுக்கு ஒரு சுற்று, பெருக்கலுக்கு ஒரு சுற்று என மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். எண்கள் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் விடையாக வெளிவரும். அதன் கடிகாரத் துடிப்பு செயலியினுடையதைவிடப் பல மடங்கு மெதுவானது. எனினும் ஒவ்வொரு துடிப்பிலும் எல்லா மேசைகளும் ஒருங்கே இயங்குவதால், ஒரே வகைக் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் அது முந்திவிடுகிறது.

மேசைகளை மாற்றிப் போடவும் முடியும். எந்தச் சுற்று எதனோடு இணைய வேண்டும் என்பதைச் சில்லிலுள்ள நினைவுக் கலங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் புதிய அமைப்பை ஏற்றினால் அதே சில்லு வேறொரு கருவியாகிவிடும். 1985இல் சைலின்க்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் சில்லில் 64 தருக்கக் கட்டங்களே இருந்தன. இன்றைய பெரிய சில்லுகளில் அத்தகைய தருக்க உறுப்புகள் இலட்சக்கணக்கில் உள்ளன.

இதன் பயனை அறிய அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் வங்கியின் அனுபவத்தைப் பார்ப்போம். கடன் வாங்கியவர் திருப்பிச் செலுத்தத் தவறக்கூடும் என்ற இடரையே விலைபேசும் ஒப்பந்தங்கள் கடன் டெரிவேட்டிவ்கள் எனப்படும். தன்னிடமிருந்த சிக்கலான ஒப்பந்தங்களின் இடரை ஒருமுறை முழுமையாக மதிப்பிட அவ்வங்கிக்கு எட்டு மணி நேரம் ஆயிற்று. இடையில் பிழை நேர்ந்தால் மறுபடி தொடங்க நேரமில்லை. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது போன்றதொரு நாளில், காலை நிலவரத்துக்கான விடை மாலையில் கிடைத்து என்ன பயன்? எவ்வளவு மூலதனத்தை ஒதுக்கி வைப்பது என்பது இத்தகைய மதிப்பீடுகளைக் கொண்டே முடிவாகிறது. வைப்புத்தொகையாளர்களாகிய நமக்கும் இதில் அக்கறை உண்டு.

லண்டனைச் சேர்ந்த மேக்செலர் நிறுவனத்துடன் இணைந்து அவ்வங்கி அக்கணக்கை எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு மாற்றியது. 2011இல் வெளியான விவரப்படி, எட்டு மணி நேரம் 238 நொடிகளாகச் சுருங்கியது. நமக்கு அதைவிடச் சுவையான செய்தி ஒன்றுண்டு: அந்த 238 நொடிகளில் சில்லு கணக்கிட்டது ஏறத்தாழ 12 நொடிகளே! எஞ்சியவை சில்லுக்கு வெளியே நடக்கும் வேலைகளுக்குச் சென்றன. காசாளர் எத்தனை விரைவாக எண்ணினாலும், காசோலை எழுத்தர் மேசையிலேயே கிடந்தால் டோக்கன் நகராது.

செலவும் உண்டு. எழுதிய நிரலைச் சுற்றமைப்பாக மாற்றவே பல மணி நேரம் ஆகலாம். நாள்தோறும் சூத்திரம் மாறும் இடத்தில் இது பொருந்தாது. எண்களை எத்தனை இலக்கத் துல்லியத்தில் வைப்பது என்பதையும் வடிவமைப்பாளரே தீர்மானிக்க வேண்டும். இலக்கத்தைக் குறைத்தால் இடமும் நேரமும் மிச்சமாகும். ஆனால் கோடிக்கணக்கான கூட்டல்களில் கடைசி இலக்கப் பிழைகள் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே பழைய நிரலையும் புதிய சுற்றையும் ஒரே தரவில் ஓட்டி, விடைகளை ஒப்பிட்ட பின்னரே நம்ப வேண்டும்.

சூத்திரமே தவறாக இருந்தால் இந்த ஒப்பீடும் உதவாது. 2012இல் அதே வங்கியின் வேறொரு பிரிவு, லண்டனில், கடன் டெரிவேட்டிவ் வணிகத்தில் 600 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. மறு ஆண்டு ஜனவரியில் வங்கியே வெளியிட்ட விசாரணை அறிக்கையின்படி, அப்பிரிவின் புதிய இடர்க் கணிப்பு எக்செல் அட்டவணைகளில், கையால் நகலெடுத்து ஒட்டி நடத்தப்பட்டு வந்தது. சராசரியால் வகுக்க வேண்டிய ஓரிடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். இடர் உண்மையைவிடச் சிறிதாகத் தெரிந்தது. இழப்புக்கு அது ஒன்றே காரணமன்று. எனினும் அந்த வகுத்தல் பிழையை அறிக்கை தனியே பதிவு செய்திருக்கிறது.