அண்மையிலுள்ளோனுக்கு அடைபட்ட கதவு

சென்ற விடுமுறையில் எம் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. எம் மைந்தன் தன் கணினியில் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டுக்கெனச் சேவையகம் ஒன்றை நிறுவினான். கனடாவில் வாழும் எம் தமையனாரின் மகன் அதனுள் தடையின்றி நுழைந்தான். அடுத்த அறையில் மடிக்கணினியுடன் இருந்த அயல்வீட்டு மாணாக்கனோ, அதே முகவரியை இட்டு எத்துணை முயன்றும் நுழைய இயலவில்லை. தன்னை வேண்டுமென்றே விலக்கினர் என எண்ணி, முகம் வாடி எழுந்து சென்றான். கடல் கடந்தோனுக்குத் திறந்த கதவு அண்மையிலுள்ளோனுக்கு அடைபட்டது ஏன்? மாணாக்கர் பலர்க்கும் நேரும் இவ்விடர்ப்பாட்டை ஈண்டு ஆராய்வாம்.

இணையத்திற் சேரும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி எனும் எண் வேண்டும். நெடுங்காலமாக வழங்கும் நான்காம் பதிப்பு முறையில் அமையக்கூடிய எண்கள் ஏறத்தாழ 429 கோடியே. உலகிலுள்ள கருவிகள் அனைத்திற்கும் அவை போதா. ஆதலின் 192.168 எனத் தொடங்குவன போன்ற சில எண்கள் உள்வழக்கிற்கென ஒதுக்கப்பட்டன. அவ்வொதுக்கீட்டு விதி 1996 இல் வெளியாயிற்று. தமிழ் நூலார் பொருளை அகம், புறம் எனப் பகுத்தாற்போல, வீட்டிலுள்ள கணினிக்கு உரியதை அகமுகவரி என்றும், வாயிலில் நிற்கும் ரவுட்டர் உலகிற்குக் காட்டுவதைப் புறமுகவரி என்றும் கொள்வாம்.

முகவரியோடு துறையெண்ணும் வேண்டும். கணினிப் பதிப்பான 'ஜாவா' மைன்கிராஃப்டிற்கு வழக்கமான துறை 25565 ஆகும். அத்துறைக்கு வருவதை இன்ன கணினிக்கு அனுப்புக என ரவுட்டருக்கு ஆணையிட்டிருந்தமையாற் கனடாவிலுள்ளோன் நுழைந்தான். அயல்வீட்டு மாணாக்கன் இட்டதும் அப்புறமுகவரியே. உள்ளிருந்து புறப்பட்ட செய்தியை வாயில்வரை சென்று மீண்டும் உள்ளே திருப்பச் சில ரவுட்டர்கள் அறியும், சில அறியா. எம்முடையது அறியாத வகையினது.

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியைப் பாதையேறிக் கடந்தோர் இதனை எளிதில் உணர்வர். எழுவான்கரையினின்று வருவோன் மண்டூர்க் கோயிலை அடையப் பாதையேற வேண்டும். மண்டூரிலேயே நிற்போன் அக்கோயிலுக்குச் செல்லக் குருமண்வெளிக்குப் போய் மீள்வானோ? அவனுக்கு ஊர்த்தெருவே வழி. அங்ஙனமே வீட்டிலுள்ளோனுக்கு அகமுகவரியே வழி.

எனவே, பிழை காணப் புகுவோர் அண்மையிலிருந்து சேய்மை நோக்கிச் செல்க.

முதலாவது: சேவையகம் இயங்கும் கணினியிலேயே 127.0.0.1 என இட்டு நோக்குக. இணையாவிடின் சேவையகம் முற்றும் தொடங்கவில்லை. அன்றேல் அதன் பதிப்பும் விளையாட்டின் பதிப்பும் வேறுபட்டுள்ளன.

இரண்டாவது: வீட்டின் மற்றொரு கணினியில் அகமுகவரியை இடுக. விண்டோஸ் கணினியில் 'ஐ.பி.கொன்ஃபிக்' எனும் கட்டளை அதனைக் காட்டும். இங்குத் தடையுறின் தீச்சுவரை ஐயுறுக. தீச்சுவரை முற்றாக நீக்குதல் தகாது. தனியார் வலையமைப்பில் ஜாவாவுக்கு மட்டும் இசைவு தருக. இரு கருவிகளும் ஒரே வைஃபையில் உள்ளனவா என்பதையும் நோக்குக. விருந்தினர்க்கென ஒதுக்கிய வைஃபை வீட்டுக் கணினிகளை அணுகவிடாமை உண்டு.

மூன்றாவது: வெளியிலுள்ள நண்பர் ஒருவரைப் புறமுகவரியால் நுழையச் சொல்க. தடையுறின் ரவுட்டரின் துறை ஆணையை ஆராய்க. கணினியின் அகமுகவரி மாறின் பழைய ஆணை பயன்படாது. ஆதலின் அதனை ரவுட்டரில் நிலைப்படுத்துக. ஒரே புறமுகவரியை நிறுவனம் பலர்க்குப் பகிர்ந்தளிக்கும் இணைப்புகளும் உள. அவற்றில் எம் ரவுட்டரின் ஆணை மட்டும் போதாது. தனிப் புறமுகவரியை நிறுவனத்திடமே கேட்டல் வேண்டும். புறமுகவரியை நம்பத்தக்கோர்க்கன்றி வழங்கற்க. அனுமதிப் பட்டியலையும் இயக்குக.

அன்று மாலையே அம்மாணாக்கனை அழைத்து அகமுகவரியைக் கொடுத்தோம். ஒரு நொடியில் நுழைந்தான், முகமும் மலர்ந்தது. அவனை விலக்கியவர் ஒருவருமிலர். விலக்கியது பொருந்தா முகவரி ஒன்றே. மாணாக்கர் கணினியில் மட்டுமன்றி நட்பிலும் இம்முறையைக் கைக்கொள்வாராக. மனத்தாங்கல் கொள்ளுமுன் காரணத்தை ஆராய்க. ஆராய்ச்சியை அண்மையிலிருந்தே தொடங்குக.